புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்: பிளஸ் டூ உளவியல் தேர்வுக்கு ஒரு விரிவான பதில்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, இப்போது பிளஸ் டூவில் ஹியுமானிட்டீஸ் பிரிவில் உளவியல் எடுத்திருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஒவ்வொரு பாடத்தையும் மூன்று நான்கு தடவை படிக்கிறீர்கள், முக்கியமான வரிகளுக்கெல்லாம் கோடு போடுகிறீர்கள், படிக்கும்போது எல்லாம் புரிகிறது, ஆனால் மாடல் தேர்வில் வினாத்தாளைப் பார்த்ததும் நுண்ணறிவைப் பற்றி ஸ்பியர்மேன் சொன்னது எது, தர்ஸ்டன் சொன்னது எது என்று குழம்பிவிடுகிறது. புத்தகம் ஆங்கிலம், வகுப்பு மலையாளம், யோசிப்பது தமிழ். மார்ச் மாதத் தேர்வுக்குள் எங்கிருந்து தொடங்குவது, எப்படிப் படிப்பது? பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். உங்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது. உழைப்பு போகும் வழியை மாற்ற வேண்டும். அதற்கான ஆராய்ச்சி முழுவதும் நீங்கள் படிக்கும் பாடத்துக்குள்ளேயே, குறிப்பாகப் பிளஸ் ஒன்னில் படித்த நினைவாற்றல் பாடத்தில், ஏற்கெனவே இருக்கிறது.

அந்தப் பாடத்தில் நினைவுகூர்தல், அடையாளம் காணுதல் என்ற இரண்டையும் பிரித்துப் படித்திருப்பீர்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்த்து ‘இது எனக்குத் தெரிந்ததுதான்’ என்று சொல்வது அடையாளம் காணுதல். எதிரே ஒன்றும் இல்லாதபோது மனத்திலிருந்து எடுத்துத் தருவது நினைவுகூர்தல். பாடத்தை நான்காவது முறை படிக்கும்போது ஒவ்வொரு வரியும் பழகியதாகத் தோன்றுவதால் மனம் அதைப் படித்து முடித்ததாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. தேர்வு கேட்பதோ பெரும்பாலும் நினைவுகூர்தலை. அதாவது வீட்டில் ஒன்றைப் பழகிவிட்டுத் தேர்வறையில் வேறொன்றைச் செய்யப் போகிறீர்கள்.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்து 2006-இல் வெளியிட்டது. ஒரு சிறிய உரைநடைப் பகுதியை ஒரு குழு மாணவர்கள் நான்கு சுற்றுகளிலும் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றுகளிலும் பகுதியைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: திரும்பப் படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இன்னொரு விஷயம். தங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். படிப்பு நன்றாகப் போகிறது என்ற உணர்வு நம்மை ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 2013-இல் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்கள் பயன்படுத்தும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து மதிப்பிட்டபோது, கோடு போடுவதும் மறுபடி மறுபடி படிப்பதும் பயன் குறைந்தவை என்றும், தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மிகுந்த பயன் தருபவை என்றும் முடிவு சொன்னார்கள்.

ஆகவே முதல் மாற்றம் இது. ஒரு பகுதியைக் கவனமாக ஒரு முறை, வேண்டுமானால் இரண்டு முறை படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். உதாரணமாக, மன அழுத்தப் பாடத்தில், நீடித்த அழுத்தத்துக்கு உடல் எப்படி ஈடுகொடுக்கிறது என்று சொல்லும் ஹான்ஸ் செல்யேவின் பொதுத் தகவமைப்பு நோய்க்குறியை எடுத்துக்கொள்வோம். மூன்று கட்டங்கள் என்பது நினைவுக்கு வரும். அபாய எச்சரிக்கை, எதிர்த்து நிற்றல், களைத்து ஓய்தல் என்று பெயர்களும் வந்துவிடும். ஆனால் இரண்டாம் கட்டத்தில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று எழுதப் போகும்போது பேனா நின்றுவிடும். பேனா நின்ற அந்த இடத்தை உடனே புத்தகத்தில் பார்த்து நிரப்பிவிடாதீர்கள். ஒரு நிமிடமாவது போராடுங்கள்; தவறாகவாவது எழுதுங்கள்; அதன் பிறகு புத்தகத்தைத் திறந்து வேறு நிறப் பேனாவால் திருத்துங்கள். அந்த வேறு நிறம் விழுந்த இடங்கள்தான் நாளைக்கு நீங்கள் படிக்க வேண்டியவை. மற்றவற்றை இன்னொரு முறை படிப்பதில் பெரிய லாபமில்லை. முதல் சில நாட்கள் தாளில் பாதிக்கு மேல் வேறு நிறமாக இருக்கும், அது மனத்துக்குச் சோர்வு தரும். அந்தச் சோர்வைக் கண்டு பழைய முறைக்குத் திரும்பிவிட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கடினமாக இருப்பதால்தான் அது வேலை செய்கிறது.

இரண்டாவது மாற்றம் இடைவெளி. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மீண்டும் கற்று, எவ்வளவு உழைப்பு மிச்சமானது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். இருபது நிமிடம் கழித்து மீண்டும் கற்றபோது 58 சதவீத உழைப்பு மிச்சமானது. ஒரு நாள் கழித்து 34 சதவீதம். 31 நாள் கழித்து 21 சதவீதம். சரிவின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். பொருளுள்ள பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது என்றாலும் போக்கு இதேதான். எனவே ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் ஒரு பாடத்தைப் படிப்பதைவிட, இன்று ஒரு மணி நேரம், நாளை அரை மணி, அடுத்த வாரம் அரை மணி, பதினைந்து நாள் கழித்து மீண்டும் ஒரு அரை மணி என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு முறையும் முதலில் மூடிய புத்தகம், பிறகுதான் திறந்த புத்தகம்.

இனி உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மதிப்பெண் அதிகமாகப் போவது அங்கேதான். ஒன்றையொன்று ஒத்த செய்திகள் நினைவில் ஒன்றின்மேல் ஒன்று விழுவதற்குக் குறுக்கீடு என்று பெயர். முன்னால் படித்தது பின்னால் படித்ததைக் கெடுக்கலாம், பின்னால் படித்தது முன்னதைக் கெடுக்கலாம். நுண்ணறிவுப் பாடத்தில் அடுத்தடுத்து ஏழெட்டு அறிஞர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனிப் பத்தியாகப் படித்தால் குறுக்கீடு வராமல் இருந்தால்தான் வியப்பு. அதற்கு மருந்து, அவர்களைப் பிரித்துப் படிக்காமல் எதிரெதிரே நிறுத்திப் படிப்பது. ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வந்தவர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நுண்ணறிவு ஒன்றா, பலவா? 1905-இல் சைமனோடு சேர்ந்து பாரிஸில் முதல் சோதனையை உருவாக்கிய பினே அதை ஒரே திறனாகப் பார்த்தார். ஸ்பியர்மேன் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுக் காரணி உண்டு, அதோடு அந்தந்த வேலைக்கான சிறப்புக் காரணிகளும் உண்டு என்றார். தர்ஸ்டன் அந்தப் பொதுக் காரணியை ஏற்காமல், ஒன்றையொன்று சாராத ஏழு முதன்மைத் திறன்கள் என்றார். கில்ஃபோர்ட் இன்னும் நுணுக்கமாகப் பிரித்து, ஆறு செயல்கள், ஐந்து உள்ளடக்கங்கள், ஆறு விளைவுகள் எனப் பெருக்கி 180 அறைகள் கொண்ட ஒரு கனசதுரத்தையே கட்டினார். கார்ட்னர் 1983-இல் பன்முக நுண்ணறிவு என்று சொல்லி, இசைக்கும் உடல் இயக்கத்துக்கும்கூட அதில் இடம் கொடுத்தார்.

இவர்களிடமிருந்து வேறுபட்டவர்களை வேறு கேள்வியின் கீழ் வையுங்கள். அறிவு எத்தனை பகுதி என்பதைவிட, ஒரு சிக்கலைத் தீர்க்கும்போது மனம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவர்கள் ஸ்டெர்ன்பர்கும், நம் நாட்டில் ஒடிசாவில் பிறந்த ஜே.பி. தாஸும். தாஸ், நாக்லியேரி, கிர்பி மூவரும் 1994-இல் தந்த பாஸ் மாதிரி என்பது திட்டமிடல், கவனம், ஒருங்கே செயலாக்கல், வரிசையாகச் செயலாக்கல் என்ற நான்கின் ஆங்கிலப் பெயர்களுடைய முதலெழுத்துகள் (PASS). இப்படிக் கேள்விகளுக்குக் கீழே பெயர்களை அடுக்கிவிட்டால், ஸ்பியர்மேனும் தர்ஸ்டனும் ஒருவருக்கொருவர் மறுத்துப் பேசும் இரண்டு மனிதர்களாக மாறிவிடுவார்கள். மறுத்துப் பேசும் இருவரை யாரும் மாற்றி நினைப்பதில்லை.

இதே வேலையை ஒவ்வொரு பாடத்திலும் செய்யலாம். இல்லாத குரல் காதில் விழுவது மாயப்புலனுணர்வு. ஆதாரம் காட்டினாலும் அசையாத பொய் நம்பிக்கை திரிபுநம்பிக்கை. விடாமல் வரும் எண்ணம் ஒன்று, அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல் இன்னொன்று. பற்றுறுதி, மனப்பான்மை, விழுமியம் மூன்றும் அருகருகே வருபவை. ‘இவை இரண்டும் எங்கே பிரிகின்றன’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால்தான் படித்துவிட்டதாகப் பொருள்.

மிகப் பலர் தவறும் இடம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும். பிளஸ் ஒன் பாடம்தான், ஆனால் நடத்தைச் சிகிச்சை வரும்போது பிளஸ் டூவிலும் கை கொடுக்கும். ஆடி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும்போது உங்கள் வீட்டு ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொள்கிறது. எழுந்து போய்க் கொக்கியை மாட்டுகிறீர்கள், சத்தம் நிற்கிறது. அடுத்த முறை காற்று எழும்பியதுமே கை கொக்கிக்குப் போகிறது. தொல்லை தரும் ஒன்று நீங்கியதால் உங்கள் செயல் வலுப்பெற்றது; ஆகவே இது எதிர்மறை வலுவூட்டல். ஜன்னல் கதவோடு விளையாடிய தம்பியின் விரல் நசுங்கி, அவன் அதன் பிறகு அங்கே போகாமலிருந்தால், அவனுடைய செயல் குறைந்தது. ஆகவே அது தண்டனை. எதிர்மறை என்ற சொல்லைப் பார்த்துக் கெட்டது என்று முடிவு கட்டாமல், அந்தச் செயல் இனி கூடுமா குறையுமா என்று மட்டும் கேளுங்கள். வலுவூட்டல் எதுவானாலும் செயல் கூடும். தண்டனை எதுவானாலும் குறையும்.

இந்த எடுத்துக்காட்டு புத்தகத்தில் இல்லை, உங்கள் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கருத்துக்கும் இப்படிச் சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடியுங்கள். 1972-இல் கிரெய்க்கும் லாக்ஹார்ட்டும் சொன்ன செயலாக்க ஆழம் என்பது இதுதான்: பொருளோடும் சொந்த வாழ்க்கையோடும் இணைத்தது ஆழமாகப் பதிகிறது, எழுத்தின் வடிவத்தையோ ஒலியையோ மட்டும் பார்த்தது மேலோட்டமாக நின்றுவிடுகிறது. எல்லையோரத்தில் வாழும் உங்களுக்கு மனப்பான்மைப் பாடத்தில் எடுத்துக்காட்டுக்குப் பஞ்சமே வராது. ‘தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராது’ என்று ஒருவர் எண்ணினால் அது வார்ப்புரு எண்ணம். அந்த எண்ணத்தால் அவர்களைக் கண்டாலே ஒரு வெறுப்பு எழுந்தால் அது முற்சாய்வு. குழு வேலைக்கு ஆள் சேர்க்கும்போது அவர்களை விட்டுவிட்டால் அது பாகுபாடு. எண்ணம், உணர்வு, செயல் என்ற மூன்று படிகளும் அதில் அப்படியே கிடக்கின்றன. வகுப்பில் உங்களுக்கு அப்படி ஒன்று நேர்ந்திருந்தால், அதை விளக்கும் அறிவும் இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது.

மொழிச் சிக்கலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புரிந்துகொள்வது தமிழில் நடக்கட்டும்; அதில் எந்தக் குறையும் இல்லை. பாட்டியிடமோ தங்கையிடமோ செல்யேவின் மூன்று கட்டங்களைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்; அவர்களுக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரிந்திருக்கிறது. ஆனால் வெள்ளைத்தாளில் எழுதிப் பழகுவது மட்டும், தேர்வில் எந்த மொழியில் எழுதப் போகிறீர்களோ அந்த மொழியிலேயே நடக்க வேண்டும். தமிழில் தெரிந்ததைத் தேர்வறையில் உட்கார்ந்து முதன்முறையாக ஆங்கிலத்தில் எழுத முயன்றால் நேரம் அதற்கே போய்விடும். கலைச்சொற்களை எந்த மொழியில் விளக்கினாலும் புத்தகத்திலுள்ள பெயரால் அழையுங்கள். திருத்துபவர் தேடுவது அந்தப் பெயரைத்தான். மலையாளத்தில் ஆசிரியர் சொன்ன நல்ல விளக்கம் ஏதும் இருந்தால் அன்றைக்கே தமிழில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அறிஞர் பெயரும் கருத்தும் சரியாக இணைந்திருந்தால் போதும். ஆண்டு தெரிந்தால் எழுதலாம், சந்தேகமிருந்தால் விட்டுவிடலாம். பழைய கைடு வைத்துப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாடப்புத்தகத்தை வெளியிடும் தேசிய அமைப்பான என்சிஇஆர்டி 2022-இல் பல பாடங்களிலிருந்து பகுதிகளைக் குறைத்தது. அக்கா அண்ணன் விட்டுப்போன புத்தகத்தில் இப்போது கேட்கப்படாத பகுதிகள் இருக்கலாம். இந்த ஆண்டுக்கான பாடத்திட்டத்தை உங்கள் ஆசிரியரிடம் வாங்கிப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சூழல் தந்து கேட்கும் வினாக்களுக்கு விடை எழுதுவதைத் தனியாகப் பழக வேண்டும். ‘தேர்வு அட்டவணை வந்த நாளில் ஒரு மாணவிக்கு நெஞ்சு படபடத்தது, பிறகு சில வாரங்கள் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு சமாளித்தாள், கடைசியில் காய்ச்சலில் படுத்தாள். விளக்குக’ என்று ஒரு வினா வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான விடைத்தாள்களில் செல்யேவின் கொள்கை முழுவதும் மனப்பாடமாக எழுதப்பட்டிருக்கும், அந்த மாணவி எங்குமே வரமாட்டாள். முதல் வாக்கியத்தில் கொள்கையையும் அறிஞரையும் சொல்லுங்கள். பிறகு படபடப்பை முதல் கட்டத்தோடும், சமாளித்த வாரங்களை இரண்டாம் கட்டத்தோடும், காய்ச்சலை மூன்றாம் கட்டத்தோடும் பெயர் சொல்லி இணையுங்கள். வினாவில் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் உங்கள் விடையில் ஒரு இடம் இருக்க வேண்டும். எழுதத் தொடங்கும் முன் கிடைக்கும் பதினைந்து நிமிடக் கூல் ஆஃப் டைமில், எந்த வினா எந்தக் கருத்தைக் கேட்கிறது என்று மனத்துக்குள் பெயர் சூட்டிவிடுங்கள். தெரிந்த வினாக்களை முதலில் எழுதுங்கள். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஒரு பக்கம் எழுதினாலும் இரண்டுதான் கிடைக்கும்.

பிராக்டிகலையும் ரெக்கார்டையும் தனிச் சுமையாக நினைக்காதீர்கள். ஒரு சோதனையை நீங்களே ஒருவருக்குக் கொடுத்து, மதிப்பெண்ணிட்டு, அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, நம்பகத்தன்மை, ஏற்புடைமை, நியமம் ஆகிய சொற்களைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

உளவியல் கோளாறுகள் பாடத்தைப் படிக்கும்போது அதிலுள்ள எல்லா அறிகுறிகளும் தனக்கு இருப்பதாகத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இது மிகப் பலருக்கு நேர்வது. மருத்துவ மாணவர்களிடம் நெடுங்காலமாகக் கண்டு பெயரிடப்பட்ட ஒன்று. கவலை, சோர்வு, சந்தேகம் எல்லோரிடமும் உண்டு. அவை நீண்ட காலம் நீடித்து, படிப்பையும் தூக்கத்தையும் பழகுவதையும் குலைக்கும்போதுதான் கோளாறு என்ற பேச்சே எழுகிறது. அப்படிக் குலைப்பதாக உங்களுக்கே தோன்றினால், பாடப்புத்தகத்தை வைத்து நீங்களே முடிவு கட்டாமல், பள்ளியில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை தரும் சௌஹ்ருத கிளப் பொறுப்பாசிரியரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை அம்மா. இந்தப் பாடத்தைப் படித்தவர்களாவது அதைத் தயங்காமல் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

தூக்கத்தைக் குறைத்துப் படிக்காதீர்கள். கற்றதற்குப் பின் விழித்திருந்தவர்களைவிடத் தூங்கியவர்கள் குறைவாக மறந்தார்கள் என்பதை ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924-லேயே காட்டினார்கள். அதன் பின் வந்த ஆய்வுகள், தூக்கத்தின்போது நினைவு உறுதிப்படுவதை மேலும் விளக்கியிருக்கின்றன. தேர்வுக்கு முந்தின இரவு புதிதாக எதையும் தொடாமல், வேறு நிறப் பேனாவால் திருத்திய தாள்களை மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டுப் படுத்துவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டாம். அதைத்தான் எல்லோரும் ஒவ்வொரு முறையும் முதலில் படிக்கிறோம், கடைசிப் பாடங்கள் எப்போதும் அரைகுறையாக நிற்கின்றன. மாடல் தேர்வு விடைத்தாளை எடுத்து, எந்தப் பாடத்தில் அதிக மதிப்பெண் போயிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பாடத்தின் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே, ஒவ்வொரு தலைப்பின் கீழும் இப்போது உங்களுக்கு என்ன தெரியும் என்று எழுதத் தொடங்குங்கள்.